மஞ்சள் சட்டைக்கு ராசியில்லையாம்

எங்கள் தெருமுனை டீக்கடையில் கல்லாவுக்கு மேலே இரண்டு படங்கள் மாட்டியிருக்கும். ஒன்று குருவாயூரப்பன். மற்றது கேரளா பிளாஸ்டர்ஸ் கால்பந்து அணியின் 2022ஆம் ஆண்டுப் படம். ஏதோ மலையாளப் பத்திரிகையின் நடுப்பக்கத்தை வெட்டி லேமினேட் செய்தது. ஓரமெல்லாம் டீ ஆவியில் சுருண்டுவிட்டது. கடைக்காரர் பாலக்காட்டுக்காரர். "ரெண்டு படத்துக்கும் தினம் ஊதுவத்தி காட்டறேன் சார். ஒருத்தர்தான் கேக்கறார்" என்பார்.

2024-25 இந்தியன் சூப்பர் லீக் (ஐ.எஸ்.எல்.) சீசனில் அவருடைய அணி எட்டாவது இடத்தில் முடித்தது. ஏப்ரல் கடைசியில் சூப்பர் கோப்பையிலும் கால் இறுதியோடு மூட்டை கட்டியது. மறுநாள் காலை டீயை ஆற்றிக்கொண்டே தீர்ப்பையும் சொல்லிவிட்டார்: "மூணு பைனல், மூணும் போச்சு. அப்புறம் பிளேஆஃப்ல ரெண்டு தடவ போச்சு. ராசியில்லாத டீம் சார். பெரிய மேட்ச்னா கால் நடுங்கிப்போகும்."

இதே தீர்ப்பைத் தொலைக்காட்சியில் கோட்டு போட்டவர்களும் சொல்கிறார்கள். அவர்கள் ராசி என்று சொல்வதில்லை. வெற்றி பெறும் மனநிலை இல்லை, இறுதிப் போட்டிக்கான நெஞ்சுரம் இல்லை என்பார்கள். கடையில் ராசி, ஸ்டூடியோவில் மனநிலை, சரக்கு ஒன்றுதான். இந்தச் சரக்கை நான் வாங்குவதாக இல்லை. அது தப்புக் கணக்கு என்பது ஒரு காரணம். அந்தத் தப்புக் கணக்கால் சிலர் சௌகரியமாகத் தப்பித்துக்கொண்டிருக்கிறார்கள் என்பது இன்னொன்று.

கால் நடுங்கும் கதையை முதலில் பார்த்துவிடலாம். 2014 டிசம்பர், ஐ.எஸ்.எல். முதல் சீசனின் அரையிறுதி. கொச்சியில் நடந்த முதல் ஆட்டத்தில் பிளாஸ்டர்ஸ் 3-0 என்று சென்னையின் எஃப்.சி. அணியை வீழ்த்தியிருந்தது. இரண்டாவது ஆட்டம் எங்கள் ஊரில், பெரியமேடு நேரு ஸ்டேடியத்தில். நான் நீலச் சட்டைக் கூட்டத்தில் இருந்தேன். யாருக்கும் நம்பிக்கை இல்லை. மாலைப்பொழுது போகட்டும் என்றுதான் வந்திருந்தோம். ஆனால் தொண்ணூறு நிமிடம் முடிந்தபோது சென்னையின் மூன்று கோல் போட்டிருந்தது. மொத்தக் கணக்கு 3-3, ஆட்டம் கூடுதல் நேரத்துக்குப் போனது. ஸ்டேடியம் முழுக்க நின்றுகொண்டு கத்தியது. மூன்று கோல் முன்னிலையைத் தொலைத்துவிட்டு, அடுத்தவன் ஊரில், அந்த இரைச்சலுக்கு நடுவே நிற்கும் அணிக்குக் கால் நடுங்கவேண்டும் என்றால் அன்றைக்குத்தான் நடுங்கியிருக்க வேண்டும். 117ஆவது நிமிடத்தில் ஸ்டீபன் பியர்சன் கோல் போட்டார். பிளாஸ்டர்ஸ் இறுதிப் போட்டிக்குப் போனது. நடுங்கிய காலோடு படியிறங்கி வீட்டுக்குப் போனவர்கள் நாங்கள்தான்.

நவி மும்பையில் நடந்த அந்த இறுதிப் போட்டியில் கொல்கத்தா அணியோடு தொண்ணூறு நிமிடமும் கோல் இல்லை. இன்ஜுரி டைமின் ஐந்தாவது நிமிடத்தில் ஒரு கார்னர், மாற்று ஆட்டக்காரராக இறங்கியிருந்த முகமது ரபீக்கின் தலை, கோல். அதோடு முடிந்தது.

இரண்டாவது தோல்விதான் ராசிக்காரர்களின் பெரிய ஆதாரம். 2016 டிசம்பர் 18, கொச்சி கலூர் ஸ்டேடியம். சொந்த மண், ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட மஞ்சள் சட்டைகள், எதிரில் மறுபடியும் அதே கொல்கத்தா. முகமது ரஃபி தலையால் முட்டி முதல் கோல் போட்டார். இடைவேளைக்கு முன்பே செரேனோ சமன் செய்தார். அதற்குப் பிறகு யாருக்கும் கோல் விழவில்லை. பெனால்டி ஷூட்அவுட்டில் 4-3 என்று கொல்கத்தா வென்றது. சொந்த ஊரில், சொந்தக் கூட்டத்துக்கு முன்னால் பெனால்டியில் தோற்கிறவனுக்கு மனத்திடம் எங்கே என்று கேட்கிறார்கள்.

அந்த ஷூட்அவுட்டைக் கொஞ்சம் மெதுவாக ஓட்டிப் பாருங்கள். கொல்கத்தாவின் முதல் பெனால்டியை அடிக்க வந்தவர் இயன் ஹியூம். 2014இல் மஞ்சள் சட்டையில் ஆடி, கேரளத்துக்காரர்கள் 'ஹியூமேட்டன்' என்று தோளில் தூக்கி வைத்த அதே ஆள். அவர் அடித்தது கோல் ஆகவில்லை. பிளாஸ்டர்ஸ் பக்கம் ஒரு பெனால்டியைத் தவறாமல் உள்ளே போட்டவர் யார் தெரியுமா? ரபீக். இரண்டு வருடத்துக்கு முன் தலையால் முட்டி இதே அணியின் கோப்பையைப் பறித்தவர், இப்போது மஞ்சள் சட்டையில். ஆள் மாறிவிட்டது, தவறவிட்டவன் அந்தப் பக்கம், தவறாமல் அடித்தவன் இந்தப் பக்கம். அப்படியும் பிளாஸ்டர்ஸ் தோற்றது. ஏனென்றால் என்டோயே ஒன்றை வெளியே அடித்தார், ஹெங்பார்ட் அடித்ததை கோல்கீப்பர் மஜும்தார் தடுத்தார். இதில் ராசி யாரிடம் இருந்தது, யாரிடம் இல்லை?

இன்னொரு விஷயத்தை யாரும் நினைவில் வைத்துக்கொள்வதில்லை. அந்த இறுதிப் போட்டிக்கு நான்கே நாள் முன்னால் டெல்லியில் நடந்த அரையிறுதியும் பெனால்டிக்குத்தான் போனது. எதிரி மைதானத்தில் இதே பிளாஸ்டர்ஸ் 3-0 என்று அந்த ஷூட்அவுட்டை வென்றது. புதன்கிழமை இரும்பாக இருந்த நெஞ்சு ஞாயிற்றுக்கிழமை மெழுகாகிவிட்டதா? அதற்காகப் பெனால்டி வெறும் லாட்டரி என்று நான் சொல்லவில்லை. பயிற்சி உண்டு, கீப்பரின் படிப்பு உண்டு. ஆனால் ஆளுக்கு ஐந்து அடியை வைத்துக்கொண்டு ஒரு அணியின் பத்து வருடக் குணத்தையே எழுதிவிட முடியாது. அப்படி எழுதுகிறவர் ஒரு சோற்றைப் பதம் பார்த்துவிட்டு ஊர்ச் சாப்பாடே வேகவில்லை என்கிறார்.

மூன்றாவது இறுதி, 2022 மார்ச் 20, கோவாவின் ஃபட்டோர்டா. எதிரணி ஹைதராபாத். அதிகாரப்பூர்வமாக ஹைதராபாத்தே உள்ளூர் அணி என்பதால் மஞ்சள் சட்டை அவர்களுக்குப் போய்விட்டது, பிளாஸ்டர்ஸ் கறுப்பில் இறங்கியது. (ராசிக்காரர்கள் இதற்கும் ஒரு விளக்கம் வைத்திருக்கிறார்கள், கேட்டால் டீ ஆறிவிடும்.) 68ஆவது நிமிடத்தில் பிளாஸ்டர்ஸின் ராகுல் தூரத்திலிருந்து அடித்த பந்து ஹைதராபாத் கோல்கீப்பர் லட்சுமிகாந்த் கட்டிமணியின் கையில் பட்டும் நிற்காமல் உள்ளே போனது. கீப்பரின் தவறு என்றுதான் எல்லோரும் சொன்னோம். 88ஆவது நிமிடத்தில் சாஹில் தவோரா, அவரும் மாற்று ஆட்டக்காரர்தான், பெட்டிக்கு வெளியிலிருந்து ஒரு வாலி அடித்து சமன் செய்தார். பிறகு பெனால்டி. அதே கட்டிமணி மூன்று பெனால்டிகளைத் தடுத்து ஹைதராபாத்துக்குக் கோப்பையை வாங்கிக் கொடுத்தார்.

கட்டிமணியின் பெயர் சென்னைக்காரர்களுக்கு வேறு காரணத்துக்காக நினைவிருக்கும். 2015 இறுதிப் போட்டி, இதே ஃபட்டோர்டா மைதானம். கோவா அணி 2-1 என்று முன்னிலை, கடிகாரம் தொண்ணூறைத் தொட்டுவிட்டது. கோவாவின் கோல்கீப்பர் பந்தைத் தன் வலைக்குள்ளேயே விட்டுக்கொண்டார். ஓன் கோல். அடுத்த இரண்டே நிமிடத்தில் மெண்டோசா இன்னொன்று போட, கோப்பை சென்னைக்கு வந்தது. அந்தக் கோல்கீப்பர் கட்டிமணிதான். அன்று அவரைப் பற்றி, பெரிய மேட்ச்சில் கை நடுங்குகிறவர் என்று யார் எழுதியிருந்தாலும் நான் தலையாட்டியிருப்பேன். ஆறு வருடம் கழித்து அதே கோல்கம்பங்களுக்கு நடுவே அந்தக் கையே மூன்று பெனால்டியைத் தடுத்தது. மனநிலை நிபுணர்கள் இதை எப்படி விளக்குகிறார்கள் என்று கேட்க ஆசை.

மூன்று இறுதிப் போட்டியையும் கூட்டிப் பார்த்தால் என்ன கிடைக்கிறது? ஒரே ஒரு கோல் வித்தியாசத் தோல்வி, அதுவும் கடைசி மூச்சில். இரண்டு சமன். பெங்களூருவும் 2018, 2023, 2025 என்று மூன்று ஐ.எஸ்.எல். இறுதிகளில் தோற்றிருக்கிறது. அவர்களை யாராவது ராசிகெட்டவர்கள் என்று சொல்லக் கேட்டிருக்கிறீர்களா? நடுவில் 2019இல் ஒரு கோப்பை கையில் வந்துவிட்டது, அதுவும் கூடுதல் நேரத்தின் 117ஆவது நிமிடத்து கோலில். அந்த ஒரு கோல் தவறியிருந்தால் அவர்கள் படத்துக்கும் ஊதுவத்தி காட்டவேண்டியிருந்திருக்கும்.

சரி, எதிர்வாதத்தில் இருக்கும் நியாயத்தையும் ஒப்புக்கொள்கிறேன். தோல்விகளில் ஒரு ஒற்றுமை இருக்கிறது. 2014இல் 95ஆவது நிமிடம். 2022இல் 88. 2024 ஏப்ரலில் புவனேஸ்வரில் ஒடிசாவுக்கு எதிராக நடந்த பிளேஆஃபில் பிளாஸ்டர்ஸ் 1-0 முன்னிலை. 87இல் டியாகோ மவுரிசியோ சமன் செய்தார், 98இல் இசாக் அடித்தார், 2-1. எப்போதும் ஆட்டத்தின் வால் பகுதியில்தான் பிடி நழுவுகிறது. இதைத்தான் நெஞ்சுரம் இல்லை என்கிறார்கள். நான் மாற்று ஆட்டக்காரர்களின் பெஞ்சைப் பார்க்கச் சொல்கிறேன். எண்பதாவது நிமிடத்துக்கு மேல் கோல் வாங்குகிறவனுக்குப் பெரும்பாலும் மனசு ஓய்வதில்லை, தொடை ஓய்கிறது. ரபீக்கும் தவோராவும் வெளியிலிருந்து புதுக் காலோடு வந்தவர்கள். எதிரணிகளிடம் கடைசிக் கால் மணி நேரத்துக்கு இறக்க ஆள் இருந்தது. பிளாஸ்டர்ஸிடம் பதினோரு பேர் இருந்தார்கள், அவ்வளவுதான். 2023-24 சீசனையே பாருங்கள். டிசம்பர் கடைசியில் மும்பையைக் கொச்சியிலும் மோகன் பகானைக் கொல்கத்தாவிலும் வென்று அட்டவணையின் உச்சியில் இருந்த அணி அது. கேப்டன் லூனா முழங்கால் காயத்தோடு ஏற்கெனவே வெளியே. ஜனவரியில் பெப்ராவும் காயத்தோடு போனார், பிப்ரவரியில் கோல்கீப்பர் சச்சின் சுரேஷ் தோள்பட்டையைப் பிடித்துக்கொண்டு போனார். இரண்டாம் பாதியில் அணி சரிந்து ஐந்தாவது இடத்துக்கு வந்தது. இரண்டு மூன்று பேர் விழுந்தால் வீடே இடிகிறது என்றால் அஸ்திவாரத்தைப் பார்ப்போமா, ஜாதகத்தைப் பார்ப்போமா?

ஐந்தாவது இடம் என்பதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்லவேண்டும். 2022-23இல் வந்த விதிப்படி முதலிரண்டு அணிகள் நேராக அரையிறுதிக்குப் போயின. மூன்று முதல் ஆறு வரை வந்தவர்கள் ஒரே ஒரு ஆட்டத்தில் மோதவேண்டியிருந்தது, அதுவும் பட்டியலில் மேலே இருப்பவரின் ஊரில். பிளாஸ்டர்ஸ் அடுத்தடுத்து இரண்டு வருடம் ஐந்தாவது. ஆகவே ஒருமுறை பெங்களூரு, மறுமுறை புவனேஸ்வர். இந்தியாவிலேயே அதிகம் சத்தம் போடும் மைதானத்தை வைத்திருக்கும் அணி, தன் வாழ்வா சாவா ஆட்டங்களை அடுத்தவர் வீட்டில் ஆடியது. இரண்டிலும் தொண்ணூறு நிமிடத்தில் தோற்கவில்லை என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். 2022-23இல் லீக்கின் கடைசி மூன்று ஆட்டங்களையும் தோற்றதை யாரும் பேசுவதில்லை. அவற்றை இறுதிப் போட்டி என்று யாரும் அழைக்கவில்லை அல்லவா.

பெங்களூரு ஆட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 97ஆவது நிமிடத்தில் சேத்ரி, எதிரணி சுவர் நிற்குமுன்பே ஃப்ரீ கிக்கைத் தட்டிவிட்டார், நடுவர் கோல் என்றார், பயிற்சியாளர் இவான் வுகோமனோவிச் அணியையே மைதானத்தை விட்டு வெளியே அழைத்துக்கொண்டு போய்விட்டார். இன்றும் ரசிகர்களில் பாதிப் பேருக்கு அது வீரச்செயல். எனக்கு அது பெரிய தவறு. இன்னும் இருபது நிமிடத்துக்கு மேல் ஆட்டம் பாக்கி இருந்தது, ஒரு கோல்தான் தேவைப்பட்டது. கிளப்புக்கு 4 கோடி ரூபாய் அபராதம், பயிற்சியாளருக்கு 10 ஆட்டத் தடை. ஆனாலும் ஒரு ராத்திரிக் கோபத்தை வைத்து அந்த மனிதரின் மூன்று வருடத்தை அளப்பது நியாயமில்லை.

ஏனென்றால் என் வழக்கின் முதல் சாட்சியே அவர்தான். 2014 முதல் 2021 வரை ஏழு சீசன்கள். ஒரு சீசனைத் தொடங்கிய பயிற்சியாளர் அடுத்த சீசனைத் தொடங்கியதாக ஒரு முறைகூடச் சரித்திரம் இல்லை. டேவிட் ஜேம்ஸ், பீட்டர் டெய்லர், ஸ்டீவ் கோப்பல், ரெனே மியூலன்ஸ்டீன், திரும்ப ஜேம்ஸ், எல்கோ ஷட்டோரி, கிபு விகுனா. இவர்களில் நான்கு பேர் சீசனின் பாதியிலேயே பெட்டியைக் கட்டினார்கள். இறுதிப் போட்டிவரை கொண்டுபோன கோப்பலுக்கும் அடுத்த வருடம் இங்கே நாற்காலி இல்லை. அந்த ஏழு சீசனில் பிளேஆஃப் எட்டியது இரண்டே முறை. மீதி ஐந்தும் எட்டு, ஆறு, ஒன்பது, ஏழு, பத்தாவது இடங்கள். 2018-19இல் பதினெட்டு ஆட்டத்தில் இரண்டு வெற்றி. பிறகு வுகோமனோவிச் வந்தார். மூன்று சீசன் இருந்தார், மூன்றிலும் பிளேஆஃப். கோப்பை வரவில்லை என்று 2024 ஏப்ரலில் பிரிவு. அடுத்து வந்த மிக்கேல் ஸ்டாரே பன்னிரண்டு ஆட்டங்களோடு டிசம்பரில் வெளியே. சீசன் முடிவில் எட்டாவது இடம்.

இறுதிப் போட்டித் தோல்விகளை நினைத்து அழுகிறவர்கள் இந்த ஐந்தையும் எட்டையும் பத்தையும் நினைத்து அழுவதில்லை. தோற்ற இறுதிகள் மூன்று. பிளேஆஃப் வாசலையே பார்க்காத சீசன்கள், 2024-25ஐயும் சேர்த்து, ஆறு. கோப்பை தவறிய இடம் மும்பையோ ஃபட்டோர்டாவோ அல்ல. பிப்ரவரி மாதத்து ஏதோ ஒரு செவ்வாய்க்கிழமை, பாதிக் காலி மைதானத்தில், அட்டவணையில் கடைசியில் கிடக்கும் அணியிடம் இரண்டு புள்ளியைக் கோட்டைவிட்ட இடத்தில்தான் தவறியது.

ஆட்டக்காரர்கள் கதை இதைவிடக் கசப்பு. ஓக்பெச்சே 2019-20இல் பிளாஸ்டர்ஸுக்காக 15 கோல் போட்டார். அடுத்த வருடம் மும்பை சட்டையில் லீக் முதலிடத்துக்கான ஷீல்டும் கோப்பையும் வாங்கினார். அதற்கு அடுத்த வருடம் ஹைதராபாத் சட்டையில், அந்த ஃபட்டோர்டா இரவில் பிளாஸ்டர்ஸுக்கு எதிரே நின்றார். அன்றைக்கு வெற்றிப் பெனால்டியை அடித்த நர்சாரியும் பழைய பிளாஸ்டர்ஸ் ஆள்தான். அதே இரவில் தோற்ற பக்கத்தில் இருந்த பெரேரா டயஸ் மும்பைக்குப் போனார். 2023இல் ஷீல்டு வாங்கினார். 2024 இறுதியில், கொல்கத்தா கூட்டத்துக்கு நடுவே, மோகன் பகானுக்கு எதிராகச் சமன் கோலைப் போட்டுக் கோப்பையும் வாங்கினார். ஃபட்டோர்டாவில் கால் நடுங்கியவர் கொல்கத்தாவின் சால்ட் லேக்கில் எப்படி நடுங்காமல் போனார்?

மஞ்சள் சட்டையைக் கழற்றினால் ராசி வந்துவிடுகிறது, பாருங்கள் சார், நான் சொன்னது இதைத்தானே என்று என் கடைக்காரர் மடக்கப் பார்த்தார். சட்டை மாறியதால் வரவில்லை. போன இடத்தில், அவர்களைச் சுற்றி நிற்க ஏற்கெனவே பத்துப் பேர் இருந்தார்கள். அவர்களில் முக்கியமானவர்களைக் கிளப் அடுத்த கோடையில் விற்றுவிடவில்லை. சூப்பர் கோப்பைக் கால் இறுதியையே எடுத்துக்கொள்ளலாம். மோகன் பகான் தன் பெரிய வெளிநாட்டு வீரர்களில் பெரும்பாலோர் இல்லாமல், இளைஞர்களை வைத்து ஆடியது. அப்படியும் 2-1 என்று வென்றது. முதல் கோலைப் போட்டவர் சஹல் அப்துல் சமத், கண்ணூர் குடும்பத்துப் பையன், பிளாஸ்டர்ஸ் வளர்த்துவிட்ட ஆள். ஷீல்டும் கோப்பையும் வென்ற அணியின் இரண்டாம் வரிசை, பிளாஸ்டர்ஸின் முதல் வரிசையைத் தோற்கடித்தது. இதைப் பார்த்த பிறகும் மனநிலை என்று பேசுகிறவர்களிடம் நான் என்ன சொல்ல?

ராசி என்ற சொல் யாருக்கு வசதி என்பது இப்போது புரிந்திருக்கும். ராசியில்லை என்றால் யாரும் பதில் சொல்லவேண்டியதில்லை. ஏன் விற்றாய், ஏன் மாற்றாள் வாங்கவில்லை, ஏன் பன்னிரண்டு ஆட்டத்தில் தூக்கிப்போடும் ஆளைத் தேடிப்பிடித்துக் கொண்டுவந்தாய் என்று நிர்வாகத்தை யாரும் கேட்கமாட்டார்கள். மஞ்ஞப்பட என்ற ரசிகர் கூட்டத்தினர் 2024 டிசம்பரில் இந்தக் கேள்விகளைத்தான் கேட்டு நிர்வாகத்துக்கு எதிராக நின்றார்கள். அவர்களைத் துரோகி என்றவர்களும் உண்டு. அணியை அவர்களைவிட அதிகம் நேசித்தவர்களை நான் பார்த்ததில்லை.

2024-25 சீசன் முடிந்தபோது, அடுத்த சீசனுக்கு நம்பிக்கை உண்டா என்று கேட்டவர்களிடம் உண்டு என்றேன். ஆனால் நான் எதிர்பார்த்தது இறுதிப் போட்டியை அல்ல, சில கேள்விகளுக்குப் பதிலை. 2025 மார்ச்சில் வந்த பயிற்சியாளர் டேவிட் கட்டாலா அடுத்த வருடமும் நாற்காலியில் இருப்பாரா? பெஞ்சில் உட்காரும் ஏழெட்டுப் பேரில் எழுபதாவது நிமிடத்தில் தைரியமாக இறக்கக்கூடியவர் எத்தனை பேர்? அட்டவணையில் முதலிரண்டுக்குள் வரமுடியுமா? வந்துவிட்டால் அரையிறுதியின் ஓர் ஆட்டம் கலூரில் நடக்கும். அப்புறம் பெனால்டியில் தோற்றால் தோற்கட்டும், அடுத்த வருடம் மறுபடி வருவார்கள். வந்துகொண்டே இருப்பவனுக்கு ஒரு நாள் கட்டிமணி எதிர்ப்பக்கம் வழுக்குவார்.

இதையெல்லாம் கடையில் சொல்லி முடித்தபோது, கடைக்காரரின் மகன், பதினோராம் வகுப்பு படிக்கிறவன், ஸ்டூலில் ஏறிக் கல்லாவுக்கு மேலிருந்த படத்தைத் துடைத்துக்கொண்டிருந்தான். துடைத்த துணியாலேயே ஒவ்வொரு முகமாகத் தொட்டான். "கில், ஈஸ்ட் பெங்கால். ஜீக்சன், ஈஸ்ட் பெங்கால். சஹல், மோகன் பகான். ராகுல், ஒடிசா. டயஸ் போயாச்சு. வாஸ்கஸ் போயாச்சு. லெஸ்கோவிச் போயாச்சு." துணி லூனாவின் முகத்துக்கு வந்ததும் நின்றது. அப்பாவைத் திரும்பிப் பார்த்தான். அவர் ஊதுவத்தியைக் கையில் வைத்துக்கொண்டு, படத்தில் மிச்சம் இருப்பவர்களை விரல் மடக்கி எண்ணிக்கொண்டிருந்தார். ஒரு கையே போதுமாயிருந்தது.